அவர்கள் சொன்ன காரணம்: ழான் மேயரும் மெக்சிகோவின் கிறிஸ்தெரோ உழவர்களும்

1926 ஜூலை 31 அன்று மெக்சிகோ நாட்டின் கத்தோலிக்கக் கோவில்களில் பொதுவழிபாடு நின்றது. கோவில் கதவுகளை அரசு பூட்டவில்லை. வழிபாட்டை நிறுத்தியவர்கள் ஆயர்களே. சமயம் குறித்த புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே நாளில், அதற்கு எதிர்ப்பாக அவர்கள் அம்முடிவை எடுத்திருந்தனர். முந்தைய நாள்களில் கோவில் வாசல்களில் கூட்டம் அலைமோதியது. குழந்தைகளுக்குத் திருமுழுக்கு, நிச்சயித்திருந்த திருமணங்கள், கடைசியாக ஒரு பாவசங்கீர்த்தனம் என்று மக்கள் அவசர அவசரமாக வந்து சென்றனர். சில மாதங்களுக்குள் நாட்டின் நடு மேற்குப் பகுதியில், குறிப்பாக ஹலிஸ்கோ, மிச்சோவகான், குவானஹுவாத்தோ, கொலிமா, சகதேகாஸ் மாநிலங்களின் ஊர்ப்புறங்களில், உழவர்கள் ஆயுதம் ஏந்தினர். 'கிறிஸ்து அரசர் வாழ்க' என்பது அவர்களது போர்க்குரல். மூன்றாண்டுகள் நீடித்த அந்தப் போர் 1929 ஜூனில் முடிந்தது. முடித்துவைத்தவர்களின் மேசையில் அந்த உழவர்களுள் ஒருவர்கூட அமர்ந்திருக்கவில்லை.

அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கல்விப்புலத்தில் பெரும்பாலும் மௌனமே நிலவியது. புரட்சியின் வாரிசாகத் தன்னைக் கருதிய அரசுக்கு அது நினைவில் வைக்கத் தகாத போர். உழவர்களுக்காக நடந்ததாகச் சொல்லப்பட்ட புரட்சியை உழவர்களே எதிர்த்தார்கள் என்பது சங்கடமான செய்தி. திருச்சபைக்கும் அது சங்கடமே. தன் பெயரால் போரிட்டவர்களைக் கேளாமல் தானே சமரசம் செய்துகொண்டதை அது நினைவுகூர விரும்பவில்லை. பேச நேர்ந்தபோது இரு தரப்பும் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தன. குருமாரும் நிலக்கிழார்களும் அறியாத உழவனைத் தூண்டிவிட்டார்கள் என்றது அரசுத் தரப்பு. நகரத்துக் கத்தோலிக்க இளைஞர்களின் வீரமும் தியாகமுமே வரலாறு என்றது கத்தோலிக்கத் தரப்பு. இரண்டு கதைகளிலும் உழவனுக்கு வாய் இல்லை. அவனுக்குப் பின்னால் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாயைத் தேடிச் சென்றதுதான் ழான் மேயர் என்ற வரலாற்றாசிரியரின் வாழ்நாள் பணியின் தொடக்கம். 1942-இல் பிரான்சின் நீஸ் நகரில், அல்சாசைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1960-களில் மெக்சிகோ சென்று, கொலேஹியோ தே மெஹிகோ என்ற உயராய்வு நிறுவனத்தில் பணியாற்றியவாறே கிறிஸ்தெரோப் போரைத் தன் முனைவர் பட்டப் பொருளாக எடுத்துக்கொண்டார். தொடக்கத்தில் அவருக்கும் புரட்சியின் மீதே பரிவு இருந்தது. பிற்போக்குக் கிளர்ச்சி ஒன்றை ஆராயப்போகிறோம் என்ற எதிர்பார்ப்புடனேயே அவர் பணியைத் தொடங்கினார். ஆய்வு முடிந்தபோது அந்த எதிர்பார்ப்பு தலைகீழாகியிருந்தது. அது எவ்வாறு தலைகீழாயிற்று, அந்த மாற்றம் எந்த அளவுக்குச் சரியானது என்ற இரண்டு கேள்விகளும் சமயத்தையும் அரசியலையும் சேர்த்து ஆராயும் எவருக்கும் இன்றும் பயன் தருபவை.

முதலில் சட்டப் பின்னணி. 1917-ஆம் ஆண்டு அரசமைப்பின் சில கூறுகள் திருச்சபையை நேரடியாகக் கட்டுப்படுத்தின. மூன்றாம் கூறு கல்வியைச் சமயச் சார்பற்றதாக்கியது. ஐந்தாம் கூறு துறவற வார்த்தைப்பாடுகளை ஏற்கவில்லை. இருபத்து நான்காம் கூறு பொதுவழிபாட்டைக் கோவிலின் நான்கு சுவர்களுக்குள் நிறுத்தியது. இருபத்தேழாம் கூறு கோவில் கட்டடங்களை நாட்டின் உடைமையாக்கியது. நூற்று முப்பதாம் கூறு சமய அமைப்புகளுக்குச் சட்ட ஆளுமையை மறுத்தது. குருக்களின் வாக்குரிமையைப் பறித்தது. ஒரு மாநிலத்தில் எத்தனை குருக்கள் இருக்கலாம் என்று அம்மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்ய வழிவகுத்தது. ஒன்பது ஆண்டுகள் பெரும்பாலும் ஏட்டளவில் இருந்த இவ்விதிகளுக்கு 1926-இல் குடியரசுத் தலைவர் புளூத்தார்க்கோ எலியாஸ் கயேஸ் தண்டனைப் பிரிவுகளைச் சேர்த்தார். குருக்கள் அனைவரும் அரசிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதியை ஆயர்கள் ஏற்க மறுத்தனர். தன் மந்தையை மேய்ப்பவர் யார் என்று தீர்மானிக்கும் உரிமையை அரசுக்கு விட்டுக்கொடுப்பதாக அதை அவர்கள் கண்டனர்.

இது மேல்தளத்தில் நிகழ்ந்த மோதல். இதை மட்டும் எழுதியிருந்தால், உலகெங்கும் எழுதப்பட்டுள்ள திருச்சபை - அரசு வரலாறுகளுள் இன்னொன்றாக அது முடிந்திருக்கும். மேயருக்கு அந்த வழியும் எளிதாகத் திறக்கவில்லை. திருச்சபையின் ஆவணக் காப்பகங்களும் இராணுவத்தின் ஆவணங்களும் அவருக்குக் கிட்டவில்லை. கிடைத்த முன்னோடி நூல்களுள் குறிப்பிடத்தக்கது அலிசியா ஒலிவேரா 1966-இல் வெளியிட்ட, 1926 முதல் 1929 வரையிலான சமயப் பூசலைப் பற்றிய ஆய்வு. ஆவணங்களின் கதவு மூடியிருந்ததால், மேயர் உயிரோடிருந்த மனிதர்களிடம் சென்றார். முன்னாள் போராளிகள் அப்போது அறுபது, எழுபது வயதைக் கடந்துகொண்டிருந்தனர். ஊர் ஊராகச் சென்று அவர்களிடம் பேசினார், ஒலிப்பதிவு செய்தார், வினாநிரல் வழியாகவும் செய்தி திரட்டினார்.

அவர்களுள் முக்கியமானவர் அவுரேலியோ அசெவேதோ. சகதேகாஸ் மாநிலத்தின் வல்பராய்சோ பகுதியைச் சேர்ந்த இவர் போரில் ஒரு படைத்தலைவர். போர் முடிந்தபின், தன் கைக்கு எட்டிய கடிதங்கள், கட்டளைகள், படைப் பட்டியல்கள், கணக்குகள் அனைத்தையும் பாதுகாத்தார். 1950-களின் தொடக்கத்திலிருந்து 'தாவீது' என்ற இதழை நடத்தி, பழைய தோழர்களின் நினைவுக் குறிப்புகளை அச்சேற்றினார். பல்கலைக்கழகம் எதுவும் அக்கறை காட்டாத காலத்தில், தோற்ற தரப்பின் காப்பகராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்ட மனிதர் அவர். மேயரின் ஆய்வுக்கு அவரது சேகரம் முதுகெலும்பாயிற்று. இன்று அது மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

இங்கே சொற்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். 'கிறிஸ்தெரோ' என்பது அந்தப் போராளிகள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரன்று. அவர்களது போர்க்குரலைக் கேட்டு எதிர்த்தரப்பு ஏளனமாக வைத்த பெயர் அது. ஸ்பானிய மொழியில் '-எரோ' என்ற விகுதி பெரும்பாலும் தொழிலைக் குறிக்கும். ரொட்டி செய்பவர் 'பனதெரோ'. செருப்புத் தைப்பவர் 'சப்பதெரோ'. போர்த்துக்கீசிய வழியாகத் தமிழுக்கு வந்த 'சப்பாத்து' இச்சொல்லின் உறவினமே. அந்த வகையில் 'கிறிஸ்தெரோ' என்பதைத் தமிழில் 'கிறிஸ்துக்காரன்' எனலாம். ஏளனமாக வந்த பெயரை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டனர். போரையும் அப்பகுதி மக்கள் தம் பேச்சில் 'கிறிஸ்தியாதா' என்றனர். ஸ்பானிய மொழியில் ஹோமரின் காவியம் 'இலியாதா' என்று வழங்குவதை நினைவில் கொண்டால், அப்பெயரின் காவியத் தொனி விளங்கும். மேயர் தன் நூலுக்கு அந்தச் சொல்லையே தலைப்பாக்கினார். அரசுத் தரப்பின் 'வெறியர் கலகம்', திருச்சபைத் தரப்பின் 'சமயப் பூசல்' ஆகிய இரண்டையும் விட்டுவிட்டு, போரிட்டவர்களின் சொல்லைத் தேர்ந்தது வெறும் நடை சார்ந்த தேர்வன்று. யாருடைய பெயரிடுதலை வரலாறு ஏற்கிறது என்பதில் அவர் எடுத்த நிலைப்பாடு அது.

1969-இல் அப்பணி இடையில் அறுந்தது. முந்தைய ஆண்டின் மாணவர் எழுச்சியைத் திலாத்தெலோல்கோ சதுக்கத்தில் துப்பாக்கியால் அடக்கியிருந்த மெக்சிக அரசு, விமர்சனங்களைப் பொறுத்துக்கொள்ளும் மனநிலையில் இல்லை. பிரெஞ்சு இதழொன்றில் எழுதிய கட்டுரை காரணமாக மேயர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். பிரான்சுக்குத் திரும்பி, 1971-இல் நாந்தேர் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டை முடித்தார். 1973 - 74-இல் அது 'லா கிறிஸ்தியாதா' என்ற பெயரில் மூன்று தொகுதிகளாக மெக்சிகோவில் வெளிவந்தது. வெளியிட்டது சிக்லோ வெயிந்தியூனோ, அதாவது இருபத்தோராம் நூற்றாண்டு என்ற பதிப்பகம். இலத்தீன் அமெரிக்க இடதுசாரிச் சிந்தனையின் முதன்மைப் பதிப்பகங்களுள் ஒன்று அது. கத்தோலிக்க உழவர்களின் போர் வரலாற்றை ஓர் இடதுசாரிப் பதிப்பகம் கொண்டுவந்தது அக்காலத்தில் பலருக்கு வியப்பளித்திருக்கும். 1976-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் ஆங்கிலத்தில் ஒரு சுருக்க வடிவத்தை வெளியிட்டது.

மூன்று தொகுதிகளின் பகுப்பிலேயே நூலின் வாதம் அடங்கியிருக்கிறது. முதல் தொகுதி போர். இரண்டாவது, திருச்சபைக்கும் அரசுக்கும் இடையிலான மோதல். மூன்றாவது, கிறிஸ்தெரோக்கள். மேல்தள மோதலையும் போரிட்ட மக்களையும் தனித்தனித் தொகுதிகளில் வைத்ததன் மூலம், ஒன்றை மற்றொன்றின் நிழலாகப் படிக்க முடியாதபடி செய்தார் மேயர். ஆயர்கள் ஒரு வரலாற்றை நிகழ்த்திக்கொண்டிருந்தனர். உழவர்கள் நிகழ்த்தியது வேறொன்று. இரண்டும் சந்தித்த இடங்கள் உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அவர் கண்டவை பழைய விளக்கங்களைக் குலைத்தன. ஆயர்களுள் பெரும்பான்மையோர் ஆயுதப் போரை ஆதரிக்கவில்லை. சிலர் வெளிப்படையாகக் கண்டித்தனர். பலர் மௌனம் காத்தனர். ஊர்ப்புறக் குருக்களுள் மிகப் பலர் அரசின் ஆணைப்படி நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். ஊரில் தங்கி மறைந்து வாழ்ந்தவர்கள் சிலரே. ஆயுதம் தாங்கியவர்கள் அவர்களிலும் மிகச் சிலர். பெருநிலக்கிழார்கள் பெரும்பாலும் ஒதுங்கி நின்றனர் அல்லது அரசின் பக்கம் சாய்ந்தனர். போரிட்டவர்கள் வாரக்குத்தகை உழவர்கள், சிறுநிலக்காரர்கள், கூலிகள், கோவேறு கழுதை ஓட்டிப் பிழைப்போர். 1925-இல் தோன்றிய சமயச் சுதந்திரப் பாதுகாப்புக் கழகம் தலைநகரிலிருந்து போருக்குத் தலைமை தாங்குவதாக அறிக்கை விட்டது. ஆனால் களத்திலிருந்தவர்களுக்கு வேண்டிய தோட்டாக்களை அதனால் அனுப்ப முடியவில்லை.

தோட்டாக்களைக் கொண்டுசென்றவர்கள் பெண்கள். 1927 ஜூனில் குவாதலஹாரா பகுதியில் தோன்றிய 'புனித ஜோன் ஆஃப் ஆர்க் பெண்கள் படையணி', இரகசிய உறுதிமொழியால் பிணைக்கப்பட்ட ஓர் அமைப்பு. தொழிற்கூடங்களிலிருந்து கசிந்த தோட்டாக்களை உடைக்குள் மறைத்து இரயிலிலும் கால்நடையாகவும் மலைப்பகுதிக்குக் கொண்டுசெல்வது அதன் முதன்மைப் பணி. உளவு, மருத்துவம், நிதி திரட்டல் ஆகியவற்றையும் அவர்கள் ஏற்றனர். போரின் இறுதிக் கட்டத்தில் அவர்களது எண்ணிக்கை ஏறத்தாழ 25,000 என்பது மேயரின் மதிப்பீடு. களத்தில் நின்ற கிறிஸ்தெரோக்கள் 1929-இல் ஏறத்தாழ 50,000. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இப்போரை ஆண்களின் போராக மட்டும் எழுதுவது எத்தகைய பிழை என்பது புலப்படும்.

உழவர் படை வெறும் கொரில்லாக் கூட்டமாகவும் இருக்கவில்லை. ஹலிஸ்கோவின் வடக்கிலும் சகதேகாசின் தெற்கிலும் தம் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் ஊராட்சி, வரி, நீதி, பள்ளிக்கூடம் ஆகியவற்றை அவர்களே நடத்தினர். அசெவேதோவின் பெட்டிகளில் இருந்த தாள்கள் இதற்குச் சான்று. எழுத்தறிவற்ற வெறியர் கூட்டம் என்ற சித்திரம், அவர்களே எழுதிவைத்த நிர்வாகக் குறிப்புகளின் முன் நிற்கவில்லை.

அப்படியானால் ஏன் போரிட்டார்கள்? நூலின் மையம் இக்கேள்வியே. நிலச் சீர்திருத்தத்தின் மீதான கோபம், புதிய வரிகள், வடக்கிலிருந்து வந்த ஆட்சியாளர்களின் மீதான வெறுப்பு என எல்லாவற்றுக்கும் மேயர் இடம் தருகிறார். எனினும் முதியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விடையை அவர் வேறொன்றின் முகமூடியாகக் கொள்ளவில்லை. கோவிலில் திருப்பலி இல்லை. சாகும்போது நற்கருணை இல்லை. பிறக்கும்போது திருமுழுக்கு இல்லை. ஆகவே எழுந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். திருவருட்சாதனங்கள் அறுந்தபோது ஊரின் ஆண்டுச் சுழற்சியும் பிறப்பு இறப்பின் ஒழுங்கும் அறுந்தன. நிலத்துக்காகப் போரிட்டேன் என்று சொல்பவனை நம்பும் வரலாற்றாசிரியன், நற்கருணைக்காகப் போரிட்டேன் என்பவனை மட்டும் ஏன் நம்ப மறுக்க வேண்டும்? இதுவே மேயரின் நூல் எழுப்பிய வினா.

இதே வினா ஏறத்தாழ அதே காலத்தில் இந்திய வரலாற்றியலிலும் எழுந்தது என்பதை இங்கே குறிப்பிடலாம். 1855-ஆம் ஆண்டுச் சந்தால் எழுச்சியில் சிதுவும் கானுவும் தாக்கூரின் கட்டளைப்படியே எழுந்ததாகக் கூறினர். ஆங்கிலேய அதிகாரிகள் அதை மூடநம்பிக்கை என்றனர். பின்வந்த தேசிய, இடதுசாரி வரலாற்றாசிரியர்கள் அதை வசதியாகக் கடந்து, வட்டிக்கடைக்காரர் சுரண்டல் என்ற காரணத்தில் போய் நின்றனர். 1983-இல் ரணஜித் குகா இதைச் சுட்டிக்காட்டி, கிளர்ச்சியாளனின் சமய உணர்வைக் கழித்துவிட்டால் அவன் தன் வரலாற்றின் கர்த்தாவாக இருப்பதே கழிந்துபோகும் என்று வாதிட்டார். மேயரும் குகாவும் வேறு வேறு மரபுகளிலிருந்து வந்தவர்கள். ஒருவர் வாய்மொழியைச் சேகரித்தார். மற்றவர் அதிகாரிகளின் அறிக்கைகளை எதிர்த்திசையில் படித்தார். இருவரும் சென்று முட்டிய சுவர் ஒன்றே.

மேயரின் விடையோடு விவாதம் முடியவில்லை. பின்வந்த ஆய்வாளர்கள் எழுப்பிய தடைகள் வலுவானவை. முதலாவது, இடம் பற்றியது. வழிபாடு நாடு முழுவதும் நின்றது. எழுச்சி நாடு முழுவதும் நிகழவில்லை. ஒரே மாநிலத்தில், அடுத்தடுத்த ஊர்களில், ஓர் ஊர் கிறிஸ்தெரோவாகவும் மறு ஊர் அரசிடம் நிலம் பெற்ற 'அக்ராரிஸ்தா'வாகவும் நின்றன. இரு ஊர்களிலும் இருந்தவர்கள் கத்தோலிக்கர்களே. நம்பிக்கை மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டை எப்படி விளக்குவது? 1999-இல் ஜென்னி பர்னெல் மிச்சோவகானை ஆராய்ந்து, பொதுநிலமும் ஊரின் தன்னாட்சியும் முந்தைய தலைமுறைகளில் எவ்வாறு பறிபோயின அல்லது காக்கப்பட்டன என்ற உள்ளூர் வரலாற்றில் விடை தேடினார். 2004-இல் மேத்யூ பட்லர் அதே மாநிலத்தை ஆராய்ந்து, சமயத்தை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் ஒற்றைச் சமயமாக அன்று. குருவின் அன்றாட இருப்பும் பங்கு அமைப்பும் வலுவாக இருந்த ஊர்களின் கத்தோலிக்கம் ஒன்று. குருவின் துணையின்றித் தன் புனிதர்களோடு வாழப் பழகிய ஊர்களின் கத்தோலிக்கம் வேறொன்று. குரு மறைந்தபோது இரண்டும் ஒரே வகையில் எதிர்வினையாற்றவில்லை.

இரண்டாவது தடை, நினைவு பற்றியது. மேயர் கேட்ட குரல்கள் நாற்பதாண்டுகளுக்குப் பிந்தியவை. உயிர் பிழைத்தவர்களின், தம் கடந்த காலத்தை விலக்கிக்கொள்ளாதவர்களின் குரல்கள். 'தாவீது' இதழ் பல ஆண்டுகளாக அவர்களுக்கு ஒரு பொதுச் சொல்லாட்சியைக் கொடுத்திருந்தது. ஒருவர் தன் நினைவைச் சொல்லும்போது, எந்தப் பகுதி 1927-இல் அவர் உணர்ந்தது, எந்தப் பகுதி பின்னாளில் படித்துப் படித்துப் பதிந்தது என்று பிரிப்பது எளிதன்று. வாய்மொழி வரலாற்றில் பணியாற்றும் எவருக்கும் தெரிந்த சிக்கல் இது.

மூன்றாவது, வன்முறை பற்றியது. 1927 ஏப்ரலில் குவாதலஹாராவிலிருந்து புறப்பட்ட இரயிலைக் குரு ஒருவரின் தலைமையில் கிறிஸ்தெரோக்கள் தாக்கித் தீயிட்டபோது, பயணிகள் பலர் மாண்டனர். அரசிடம் நிலம் பெற்ற உழவர்களும், 1930-களின் இரண்டாம் எழுச்சியில் ஊர்ப்புற ஆசிரியர்களும் தாக்கப்பட்டனர். அவர்களும் ஏழை உழவர் குடும்பத்தினரே. மேயர் இவற்றை மறைக்கவில்லை. ஆயினும் அவரது நூலின் பரிவு கிறிஸ்தெரோவின் பக்கமே சாய்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் உண்டு. 'மக்கள்' என்ற ஒற்றைச் சொல், மக்களுக்குள் இருந்த பிளவை மூடிவிடக்கூடும்.

மேயரின் பணிவாழ்வில் மதிக்கத்தக்கது, இந்த நூலையே கோட்டையாக்கி அதற்குள் அவர் அமர்ந்துவிடாதது. தொழில்முறைப் படைவீரரும் கிறிஸ்தெரோப் படையின் பெருந்தளபதியுமான என்ரிக்கே கொரொஸ்தியேத்தாவைத் தன் நூலில் சமய நாட்டமற்ற தாராளவாதியாகவே அவர் சித்திரித்திருந்தார். பின்னாளில் தளபதி தன் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் வெளிவந்து, அவரது இறைப்பற்றைக் காட்டின. மேயர் தன் முந்தைய சித்திரம் பிழையென்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வாக்குமூலத்தை நம்ப வேண்டும் என்று வாதிட்டவர், புதிய வாக்குமூலம் வந்தபோது தன்னைத் திருத்திக்கொண்டது பொருத்தமே.

1937-இல் லெயோன் நகரில் தோன்றிய சினார்க்கியத் தேசிய ஒன்றியம் என்ற கத்தோலிக்க உழவர் இயக்கத்தைப் பற்றி 1979-இல் வெளியிட்ட நூலின் துணைத்தலைப்பிலேயே அது மெக்சிகப் பாசிசமா என்று வினவினார். மிச்சோவகானின் சமோரா நகரில் லூயிஸ் கொன்சாலேஸ் நிறுவிய ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். தன் சொந்த ஊரான சான் ஹொசே தே கிராசியாவின் வரலாற்றை 1968-இல் நூலாக்கி, சிற்றூர் வரலாறு என்ற துறைக்கே மெக்சிகோவில் வழிகாட்டியவர் கொன்சாலேஸ். பின்னர் தலைநகரின் பொருளாதார ஆய்வு மற்றும் கற்பித்தல் மையத்துக்கு வந்த மேயர், 2000-இல் 'இஸ்தோர்' என்ற பன்னாட்டு வரலாற்று இதழைத் தொடங்கினார். ரஷ்யப் பேரரசின் வரலாறு, கத்தோலிக்க - ஆர்த்தடாக்ஸ் பிளவு, குருக்களின் மணத்துறவு எனப் பொருள்கள் விரிந்தன. சமயத்தை ஒரு நாட்டின் எல்லைக்குள் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது என்ற உணர்வு இவை அனைத்தையும் இணைக்கிறது.

அந்த உணர்வு அவரை மீண்டும் 1929-க்கே கொண்டுவந்தது. போரை முடித்தவர்கள் யார்? அமெரிக்கத் தூதர் டுவைட் மாரோ முன்னர் ஜே. பி. மார்கன் வங்கியின் பங்குதாரராக இருந்தவர். 1927 இறுதியில் மெக்சிகோ வந்த அவருக்கு, எண்ணெய்க்கும் கடனுக்கும் அமைதி வேண்டியிருந்தது. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்களின் நலப்பேரவையைச் சேர்ந்த அருள்தந்தை ஜான் பர்க், 1928 ஏப்ரலில் சான் ஹுவான் தே உலுவா கோட்டையில் கயேசை இரகசியமாகச் சந்தித்தார். கொலம்பஸ் வீரர்கள் என்ற அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு 1926-லேயே மெக்சிகத் திருச்சபைக்காகப் பத்து இலட்சம் டாலர் பரப்புரை நிதி திரட்ட முனைந்தது. உரோமையில் பதினோராம் பயஸ் 1926 நவம்பரில் மெக்சிக அரசைக் கண்டித்துச் சுற்றுமடல் எழுதினார். பின்னர் பேச்சுவார்த்தைக்கு வழிவிட்டார். 1929 ஜூன் 21-இல் குடியரசுத் தலைவர் போர்த்தெஸ் ஹிலும் ஆயர்கள் இருவரும் உடன்பட்டனர். சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அது மென்மையாக நடைமுறைப்படுத்தப்படும் என்ற உறுதிமொழி மட்டுமே கிடைத்தது. ஸ்பானிய மொழியில் இது 'அர்ரெக்லோஸ்' எனப்படுகிறது. ஒப்பந்தம் என்பதைவிட 'ஏற்பாடுகள்' என்பதே அதன் நேர்ப்பொருள். மணி மீண்டும் ஒலித்தது. கொரொஸ்தியேத்தா அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கொல்லப்பட்டிருந்தார். ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிய தலைவர்கள் பலர் பின்னர் கொலையுண்டனர்.

2006-இல் பதினோராம் பயசின் காலத்து வத்திக்கான் ஆவணங்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. இளமையில் மூடியிருந்த கதவுகளுள் ஒன்று மேயரின் அறுபதுகளில் திறந்தது. 2008-இல் அமெரிக்கக் கத்தோலிக்கர்களும் மெக்சிகச் சமயப் பூசலும் என்ற பொருளில் ஒரு நூலை வெளியிட்டார். பல நாடுகளின் பார்வையில் அப்பூசலை ஆராயும் கட்டுரைத் தொகுப்பும் அவர் முயற்சியில் வந்தது. அடுத்த தலைமுறை இன்னொரு கோணத்தைச் சேர்த்தது. 2015-இல் ஜூலியா யங், போரின் காலத்தில் அமெரிக்காவில் குடியேறியிருந்த மெக்சிகத் தொழிலாளர்களை ஆராய்ந்து, சிகாகோவிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் எல் பாசோவிலும் அவர்கள் நடத்திய ஊர்வலங்களையும் நிதி திரட்டலையும் ஆயுதக் கடத்தலையும் வெளிக்கொணர்ந்தார். நாடு கடந்த இயக்கம் என்பது தூதர்களும் ஆயர்களும் மட்டும் நடத்துவதன்று. கூலி வேலைக்குப் போன உழவனும் அதை நடத்துகிறான்.

நினைவின் அரசியல் இன்றும் தொடர்கிறது. 1992-இல் மெக்சிக அரசமைப்பு திருத்தப்பட்டது; வத்திக்கானுடன் தூதரக உறவு ஏற்பட்டது. 2000 மே மாதம் இரண்டாம் யோவான் பவுல் 25 மெக்சிக மறைசாட்சிகளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஆயுதம் ஏந்தாத குருக்கள். துப்பாக்கி ஏந்திய உழவனுக்கு அப்பட்டியலில் இடமில்லை. திருச்சபைக்கு அதற்கு இறையியல் காரணங்கள் உண்டு. எனினும் 1929-இல் பேச்சுவார்த்தை மேசையில் இடம்பெறாதவர்கள், பீடத்திலும் இடம்பெறவில்லை என்பது வரலாற்றின் கண்ணில் படாமல் போகாது.

அவர்களுக்குக் கிடைத்த இடம் நூலகத்தில்தான். அதற்கு இருவர் தேவைப்பட்டனர். தோற்றபின்னும் தாள்களைக் கொளுத்தாமல் வைத்திருந்த ஒரு முன்னாள் படைத்தலைவர் ஒருவர். தன் முன்முடிவைக் கழற்றிவைத்து அவர் முன் அமர்ந்து கேட்ட ஓர் இளம் ஆய்வாளர் மற்றொருவர். மேயரின் விளக்கம் பல இடங்களில் திருத்தப்பட்டுவிட்டது, இனியும் திருத்தப்படும். ஆனால் திருத்தியவர்கள் அனைவரும் அவர் திறந்த வாசல் வழியாகவே உள்ளே சென்றார்கள். மக்கள் சொல்லும் காரணத்தை முதலில் காரணமாக எழுதிக்கொள்வது ஒரு பணி. அது எப்படி அவர்களுக்குக் காரணமாயிற்று, பக்கத்து ஊருக்கு ஏன் ஆகவில்லை என்று கேட்பது அடுத்த பணி. முதல் பணியைச் செய்யாமல் இரண்டாவதற்குத் தாவியவர்கள் எழுதியது பெரும்பாலும் தங்கள் சொந்தக் காரணங்களின் வரலாறாகவே முடிந்திருக்கிறது.